பரங்கிக்காய் எப்போது நம் காய் ஆனது?

இது நீளமான பதிவு. அடுப்பில் எதையும் வைத்துவிட்டுப் படிக்காதீர்கள்.

நியூ ஜெர்சியில் இருக்கும் நம் பழைய மாணவி ஒருத்தி, பிள்ளைகளோடு ஒரு பூசணித் தோட்டத்துக்குப் போய்வந்த படங்களைப் போன வாரம் போட்டிருந்தாள். பார்த்திருப்பீர்கள். வைக்கோல் கட்டுகளை அடுக்கிய டிராக்டர் வண்டியில் குழந்தைகள் சவாரி, மக்காச்சோளக் கொல்லைக்குள் வழி கண்டுபிடிக்கும் விளையாட்டு, தரையெல்லாம் ஆரஞ்சு நிறத்தில் காய்கள். பிள்ளைகள் தாங்களே கொடியிலிருந்து ஒரு காயைத் திருகி எடுத்து, எடை போட்டுக் காசு கொடுத்து வாங்கிவருகிறார்கள். கீழே நம்மவர்கள் இரண்டு பேர் எழுதியிருந்தார்கள். "காசு கொடுத்து வயலுக்குள் போவதா, காலக் கொடுமை" என்றார் என் உறவினர் ஒருவர். "வெள்ளைக்காரன் திருவிழா நமக்கு எதற்கு, நம் பாரம்பரியம் பொங்கல்" என்று எழுதியது என்னிடம் ஏழாம் வகுப்பு படித்த பையன். இதற்கிடையில் அந்தக் குழந்தை கேட்ட கேள்வியை அவள் அம்மா எழுதியிருந்தாள்: "டீச்சர் ஊரில் பூசணித் தோட்டம் இருக்கிறதா?"

இருந்தது, கண்ணு. கேளம்பாக்கத்துக்குத் தெற்கே தையூர் ஏரிப் பக்கம் என் தாய்மாமனுக்கு ஒரு மேட்டுக்கொல்லை இருந்தது. மணல் கலந்த செம்மண். நெல்லுக்கு ஆகாத இடம் என்று பாகப்பிரிவினையில் அவர் தலையில் கட்டியது. அவர் அதில் பூசணி போட்டார்.

'பூசணி' என்று பொதுவாகச் சொல்லிவிட்டேன். அங்கே இரண்டு விதக் கொடி உண்டு. வைகாசிக் கடைசியில் நட்டு ஆயுத பூஜைக்குப் பறிப்பது வெள்ளைப் பூசணி. உடம்பெல்லாம் விபூதி பூசியது போல இருக்குமே, அது. சாம்பல் பூசணி, கல்யாணப் பூசணி என்றும் சொல்கிறோம். யாழ்ப்பாணத்துக்காரர்கள் நீற்றுப்பூசணி என்கிறார்கள், அழகான பெயர். ஆடியில் நட்டுத் தைப் பொங்கலுக்கு வெட்டுவது மஞ்சள் பூசணி. அதைத்தான் நாம் பரங்கிக்காய் என்கிறோம். கோயம்புத்தூர்ப் பக்கம் போனால் அரசாணிக்காய்.

அமெரிக்காவில் இலையுதிர் காலம்தான் அறுவடைக் காலம். அக்டோபரில் காய் பழுத்துக் கொடி காய்ந்துவிடும். நமக்கு அக்டோபரில் என்ன? ஐப்பசி அடைமழை. வடகிழக்குப் பருவமழை இறங்குகிற நேரம். சம்பா நாற்று வேர்பிடித்து நிற்கும், ஏரி நிரம்பும். நம் அறுவடை தையில். அதனால் அவர்களுடைய அக்டோபரை நம்முடைய அக்டோபரோடு ஒப்பிடக் கூடாது, நம்முடைய ஜனவரியோடு ஒப்பிட வேண்டும். வெள்ளைப் பூசணி மட்டும்தான் மழைக்கு முன் முந்திக்கொண்டு வந்துவிடும்.

மாமா கொல்லையில் வேலை ஆனி மாதமே தொடங்கிவிடும். முழங்கை ஆழத்துக்குக் குழி வெட்டி, மக்கிய தொழுவுரமும் சாம்பலும் போட்டு மண்ணை மூடி, குழிக்கு ஐந்து விதை. முளைத்த பிறகு திடமான இரண்டை விட்டுவிட்டு மற்றதைப் பிடுங்கிவிடுவார். நாங்கள் அழுவோம். பிடுங்காவிட்டால் ஐந்தும் வீண் என்பார். கொடி ஓடிக் காய் பிடித்ததும் ஒவ்வொரு காய்க்கும் அடியில் வைக்கோல் வைக்க வேண்டும், அது பிள்ளைகள் வேலை. ஈர மண்ணில் பட்டால் அடி அழுகிவிடும். பழ ஈ குத்திய பிஞ்சைப் பொறுக்கி ஆழப் புதைப்பதும் எங்கள் வேலைதான்.

மார்கழியில் கோலத்துக்குப் பூ. இதை ஒவ்வொரு வருடமும் வகுப்பில் சொல்லியிருக்கிறேன், நினைவிருக்கிறதா? பூசணியில் ஆண் பூ வேறு, பெண் பூ வேறு. நீண்ட மெல்லிய காம்பில் தனியாக நிற்பது ஆண் பூ. பூவுக்கு அடியில் கோலிக்குண்டு அளவில் ஒரு பிஞ்சு இருந்தால் அது பெண் பூ. கோலத்தில் சாணி உருண்டை மேல் வைப்பது ஆண் பூதான். அதுதான் நிறையப் பூக்கும். பறித்தாலும் விளைச்சல் குறையாது, தேனீக்கு நாலு விட்டுவைத்தால் போதும். தெரியாமல் பெண் பூவைக் கிள்ளிவந்தால் மாமி மண்டையில் ஒரு குட்டு வைப்பார். பள்ளிக்கூடம் போகாத மாமி எனக்கு நடத்திய தாவரவியல் அது.

இப்போது 'பாரம்பரியம்' என்று எழுதிய என் மாணவனுக்கு வருகிறேன். கோபப்படாமல் படி, தம்பி.

பரங்கிக்காய் நம் நாட்டுச் செடி இல்லை. மெக்சிகோவில் ஒவாஹாகா என்ற பகுதியில் ஒரு குகையில் பூசணி இனத்தின் விதைகளைத் தோண்டி எடுத்தார்கள். அவை சுமார் 10,000 ஆண்டுகளுக்கு முன் மனிதர் வளர்த்த செடியின் விதைகள். அங்கே மக்காச்சோளம், பீன்ஸ், பூசணி மூன்றையும் ஒரே கொல்லையில் பயிரிட்டார்கள். சோளத்தட்டையில் பீன்ஸ் ஏறும், பூசணி இலை தரையை மூடிக் களையை அடக்கும். 1492-ல் கொலம்பஸ் அங்கே போன பிறகுதான் அந்தச் செடிகள் கடல் தாண்டின. 1498-ல் வாஸ்கோ ட காமா கள்ளிக்கோட்டைக்கு வந்தார். அடுத்த கால் நூற்றாண்டுக்குள் போர்ச்சுக்கீசியர் நம் மயிலாப்பூரில் சாந்தோமில் குடியேறிவிட்டார்கள். அவர்களை நம் ஜனங்கள் 'பரங்கி' என்றார்கள். 'பிராங்க்' என்ற ஐரோப்பிய இனப் பெயர் அரபு, பாரசீகம் வழியாக 'பரங்கி' என்று இங்கே வந்து சேர்ந்தது. அவர்களுடைய மாதா கோயில் இருக்கும் மலை பரங்கிமலை. அவர்கள் தங்கிய துறைமுகம் பரங்கிப்பேட்டை. அவர்கள் வழியாக வந்த காய் பரங்கிக்காய். பெயரிலேயே பாஸ்போர்ட் ஒட்டியிருக்கிறது. சிலர் 'பறங்கி' என்று வல்லின றகரம் போட்டு எழுதுவார்கள். அதற்காக நான் மதிப்பெண் குறைத்ததில்லை.

(நம் ஊருக்கும் இந்தக் கப்பல் கதைக்கும் தூரம் அதிகமில்லை. உப்பளத்தைத் தாண்டினால் கோவளம். 18-ஆம் நூற்றாண்டில் பெல்ஜியம் பக்கத்து ஆஸ்டெண்ட் கம்பெனி கூட அங்கே வந்து வியாபாரம் செய்தது. பிறகு கோட்டை பிரெஞ்சுக்காரர் கைக்குப் போய், 1752-ல் ராபர்ட் கிளைவ் அதைப் பிடித்து இடித்தார். ஐந்து மார்க் கேள்வி.)

வெள்ளைப் பூசணியோ வேறு குடும்பக் கிளை. அது ஆசியாவின் சொந்தச் செடி. வடமொழியில் கூஷ்மாண்டம் என்பது அதைத்தான். பலி கொடுக்கும் இடத்தில் ஆட்டுக்குப் பதில் இந்தக் காயை வெட்டிக் குங்குமம் தடவுவதும், திருஷ்டிக்குக் கட்டுவதும் பழைய வழக்கம். 1520 வாக்கில் விஜயநகரத்து மகாநவமியை நேரில் பார்த்து எழுதிய டொமிங்கோ பயஸ் என்ற போர்ச்சுக்கீசியர், எருமைகளும் ஆடுகளும் பலியிடப்பட்டதைச் சொல்கிறார். அந்த ஆயுத பூஜைதான் இன்று நம் ஓ.எம்.ஆர். ஆபீஸ்களில் கணினிக்குப் பொட்டு வைப்பதும், வாசலில் பூசணி உடைப்பதுமாக நடக்கிறது. உடைத்ததை ஓரமாகத் தள்ளுங்கள் என்று போலீஸார் வருடாவருடம் கேட்டுக்கொள்கிறார்கள். வழுக்கி விழுவது எப்போதும் அந்த வழியில் போகிற இரண்டு சக்கர வண்டிக்காரர்தான்.

பொங்கல் வாணலிக்குள் எட்டிப் பாருங்கள். நம் செங்கல்பட்டுப் பக்கத்துப் பொங்கல் குழம்பில் மொச்சை, அவரை, கத்தரிக்காய், வாழைக்காய் போடுகிறோம். இவை பழைய உலகத்துக் காய்கள். கூடவே பரங்கி, சர்க்கரைவள்ளிக் கிழங்கு, மிளகாய். இந்த மூன்றும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தவை. இந்தக் குழம்பை வைத்துத்தான் நம் பாட்டி "ஆதி காலத்திலிருந்து இப்படித்தான்" என்பார். பாட்டி பொய் சொல்லவில்லை. அவருடைய பாட்டியும் அப்படித்தான் வைத்தார்.

ஆனால் என் மனத்தில் நெடுநாளாக இருந்த கேள்வி வேறு. உருளைக்கிழங்கும் தக்காளியும் கூட அதே கண்டத்துக் காய்கள்தான். அவற்றைத் திவசச் சமையலில் சேர்க்காத வீடுகள் இன்றும் இருக்கின்றன. பரங்கிக்காய் மட்டும் எப்படிப் பொங்கல் படையலுக்குள்ளேயே வந்து உட்கார்ந்தது?

என் கணிப்பைச் சொல்கிறேன். பரங்கிக்கு நிலம் வேண்டாம். ஒரு குப்பைமேடும் ஒரு கூரையும் போதும். பாத்திரம் கழுவும் தண்ணீர் போகிற இடத்தில் ஒரு விதை விழுந்தால், அது தானே ஓடிப் பனையோலைக் கூரை மேல் ஏறிக் காய்த்துவிடும். முற்றிய காயைக் காம்போடு பறித்துப் பரண் மேல் வைத்தால் மாதக்கணக்கில் கெடாது. பூ, இளம் இலை, பிஞ்சு, பழம், விதை என்று எல்லாமே சாப்பாடு.

இதன் அருமை செங்கல்பட்டு மாவட்டத்துக்காரர்களுக்குப் புரியும். ஏனென்றால் இங்கே நிலம் இல்லாதவர்கள் ஏராளம். 1891-ல் இந்த மாவட்டத்தின் கலெக்டராக இருந்த டிரமென்ஹீர் ஓர் அறிக்கை எழுதினார். உழைக்கும் ஒடுக்கப்பட்ட மக்களுக்கு உழ நிலம் இல்லை, குடியிருக்கும் மனை கூடத் தங்களுடையது இல்லை என்பதை அரசுக்கு எடுத்துச் சொன்ன அறிக்கை அது. அதைத் தொடர்ந்து 1892-ல்தான் பஞ்சமி நில ஆணை வந்தது. அப்படிப்பட்ட ஊரில், குடிசைக் கூரை மேலேயே விளைகிற காய் ஒன்று வந்தால் அது எல்லோர் பானைக்குள்ளும் போகாமல் என்ன செய்யும்? நெல் மிராசுதாரர் வீட்டுக் களஞ்சியத்துக்குப் போகும். கரும்பைக் காசு கொடுத்து வாங்க வேண்டும். பரங்கிக்காய் அவரவர் வீட்டிலேயே இருந்தது.

மாமாவின் கொல்லையைக் 'குடும்பத் தோட்டம்' என்று எழுதினால் படிக்க இனிமையாக இருக்கும். ஆனால் குழி வெட்டியவர்கள் எங்கள் குடும்பத்தார் இல்லை. தெற்குத் தெருவிலிருந்து வந்த கணவனும் மனைவியும்தான் வெட்டினார்கள். பொங்கலன்று அவர்களுக்கு ஒரு முழுக்காயும் படி நெல்லும் கொடுப்பார் மாமா. அந்த அம்மாள் சிரித்துக்கொண்டே, "எங்க கூரையில இதைவிடப் பெரிசு கெடக்குதுங்க" என்பார். உண்மைதான், போய்ப் பார்த்திருக்கிறேன்.

சரி, அமெரிக்காவுக்கு வருவோம். "காசு கொடுத்து வயலுக்குள் போவதா" என்று கேட்ட என் உறவினருக்கு இந்தப் பகுதி.

காய்க்குள் விளக்கு வைக்கும் வழக்கத்தைக் கொண்டுபோனவர்கள் அயர்லாந்துக்காரர்கள். அவர்கள் ஊரில் அதை டர்னிப் கிழங்கைக் குடைந்து செய்தார்கள். 1840-களின் பஞ்சத்தில் லட்சக்கணக்கில் அமெரிக்காவுக்குக் கப்பலேறிப் போனபோது அங்கே குடைவதற்குச் சுலபமாகப் பூசணி கிடைத்தது. அறுவடைக்கு நன்றி சொல்லும் நாளை 1863-ல், உள்நாட்டுப் போரின் நடுவே, ஆபிரகாம் லிங்கன் நாடு முழுவதற்கும் அறிவித்தார். அந்த விருந்தில் பூசணி இனிப்பு கட்டாயம். அந்த இனிப்புக்காக டின்னில் அடைக்கப்படும் பூசணியில் பெரும்பகுதி இலினாய் மாநிலத்தில் விளைகிறது. நம் பரங்கியும் அந்த டின் பூசணியும் ஒரே இனம், குக்குர்பிட்டா மொஸ்காட்டா. கண், மூக்கு வெட்டும் ஆரஞ்சுக் காய் வேறு இனம். ஆகவே அங்கே இருப்பவர்களே, பால் கூட்டுக்கு அலங்காரக் காயை வாங்காதீர்கள். தண்ணீராகப் போய்விடும்.

டின் கம்பெனிக்குக் காய் போடுவது பெரிய பண்ணைகளின் வேலை. சின்னப் பண்ணைக்காரர்கள் வேறு வழி பிடித்தார்கள். காயை ஊருக்குக் கொண்டுபோய் விற்பதற்குப் பதில் ஊர்க்காரர்களைக் காயிடம் வரவழைத்தார்கள். கலிபோர்னியாவில் ஹாஃப் மூன் பே என்று ஓர் ஊர். நம்மைப் போலவே கடலோரம், பெரிய நகரத்துக்குத் தெற்கே. 1971-ல் கடைத்தெருவைச் சீர்ப்படுத்தப் பணம் திரட்டுவதற்காக அங்கே பூசணித் திருவிழா தொடங்கினார்கள். 1974 முதல் மிகப் பெரிய காய்க்குப் போட்டி. 2023-ல் ஜெயித்த காயின் எடை 1,247 கிலோ, அப்போது அது உலக சாதனை. சோற்றில் முழுப் பூசணிக்காயை மறைப்பது என்கிறோமே, அந்தக் காயை மறைக்க எத்தனை மூட்டை அரிசி வடிக்க வேண்டுமோ.

குறை சொல்லவும் இடம் இருக்கிறது. வெட்டி வைக்கும் காயில் பெரும்பகுதியை யாரும் சாப்பிடுவதில்லை, குப்பைக்குப் போகிறது. ரோட்டில் உடைக்கிற நாம் இதைச் சொல்லக் கொஞ்சம் தயங்க வேண்டும். ஆனால் ஒரு விஷயத்தை அவர்கள் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்கள். அறுவடையைக் கொண்டாட வருகிறவன் தருகிற காசு, அறுவடை செய்தவன் கைக்குப் போகிறது.

நம் கடற்கரையை எடுத்துக்கொள்ளுங்கள். கூட்டத்துக்கு நம்மிடம் குறைவா? காணும் பொங்கலன்று மாமல்லபுரத்திலும் கோவளத்திலும் கால் வைக்க இடம் இருக்காது. வடநெம்மேலியில் 1976-ல் முதலைப் பண்ணை வந்தது, 1984-ல் முட்டுக்காடு படகுக் குழாம், 1996-ல் தட்சிணசித்ரா. மாமல்லபுரம் பக்கத்துக் கிராமங்களில் வெளிநாட்டுப் பயணிகளுக்குச் சுற்றுலாத் துறை பொங்கல் விழா நடத்துகிறது. மாட்டு வண்டி, கோலம், பானை எல்லாம் உண்டு. நியூ ஜெர்சி வைக்கோல் வண்டிக்கும் இதற்கும் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. ஒன்றைத் தவிர. பானையில் இருக்கும் பரங்கி பெரும்பாலும் கோயம்பேட்டிலிருந்து வந்தது. அங்கே வந்தது வெளி மாவட்டத்திலிருந்து, இல்லையென்றால் ஆந்திரா, கர்நாடகத்திலிருந்து, லாரியில்.

முன்பு எங்களுக்குக் காணும் பொங்கல் என்றால் உறவுகள் மாமா கொல்லைக்கு வருவதுதான். கட்டுச்சோறு கட்டிக்கொண்டு வருவார்கள். ஒவ்வொரு குடும்பமும் போகும்போது ஒரு காயைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். தட்டிப் பார்ப்பார்கள், நகத்தால் கீறிப் பார்ப்பார்கள், காம்பு காய்ந்திருக்கிறதா என்று பார்ப்பார்கள். சித்தப்பா ஒருவர் எடுத்த காயைத் திரும்ப வைத்துவிட்டு வேறு எடுப்பார், அதற்காக ஒரு சண்டை நடக்கும். டிக்கெட் மட்டும்தான் இல்லை. சிறுசேரியில் ஐ.டி. பூங்கா வந்து, ஓ.எம்.ஆர். அகலமாகி, ஒரு சென்ட் நிலத்தின் விலையைக் கேட்டாலே தலை சுற்றுகிற நிலை வந்தபோது மாமாவின் பிள்ளைகள் அந்தக் கொல்லையை விற்றார்கள். நான் அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். மூன்று பிள்ளைகளின் படிப்பும் ஒரு இருதய ஆபரேஷனும் அந்த மண்ணிலிருந்துதான் வந்தது. பரங்கிக்காய் விற்று அதைச் செய்திருக்க முடியாது.

இதையெல்லாம் இப்போது எழுதுவதற்கு ஒரு காரணம் உண்டு. என் கொழுந்தனார் மகனிடம் அதே பக்கத்தில் இன்னும் 30 சென்ட் இருக்கிறது. வாரம் ஒரு புரோக்கர் போன் செய்கிறார். அவனுக்கு விற்க மனமில்லை, வைத்திருந்தும் பயனில்லை. "பெரியம்மா, சுற்றிலும் அபார்ட்மென்ட். அந்தப் பிள்ளைகளைப் பொங்கலுக்குக் கூப்பிட்டுக் காய் பறிக்க விட்டு, தலைக்கு ஏதாவது வாங்கினால் என்ன? ஊரில் சிரிப்பார்களா?" என்று கேட்டான். சிரிப்பார்கள். முதலில் பரங்கி விதையைக் குப்பைமேட்டில் போட்டவனைப் பார்த்தும் யாராவது சிரித்திருப்பார்கள். ஆனால் அவனிடம் நான் பேசியது கணக்கு மட்டும்தான். கழிப்பறைக்கு என்ன வழி, கிணற்றுத் தண்ணீர் உப்புக் கரிக்கிறதே அது கொடிக்குத் தாங்குமா, குழி வெட்டுகிறவர்களுக்கு என்ன கூலி, வருமானத்தில் அவர்களுக்குப் பங்கு உண்டா. கடைசிக் கேள்விக்கு அவன் கொஞ்ச நேரம் பதில் சொல்லவில்லை. பிறகு, உண்டு என்றான்.

ஆடியில் 40 குழி போட்டிருக்கிறான். மழை கெடுக்காவிட்டால் தைக்குக் காய் இருக்கும். இந்தக் காணும் பொங்கலுக்குப் பரீட்சார்த்தமாக நம் உறவுகளும் பழைய மாணவர்களும் மட்டும் வரலாம். விற்பதா வைத்திருப்பதா என்று அதற்குப் பிறகு முடிவு செய்வான். கட்டணம் உண்டு. உறவு என்று சலுகை கேட்காதீர்கள், மாமா காலத்துச் சித்தப்பா வேலையும் வேண்டாம், எடுத்த காயே காய். சோறு நான் வடிக்கிறேன், குழம்பும் உண்டு. வருகிறவர்கள் எத்தனை பேர் என்று மார்கழி முடிவதற்குள் சொல்லிவிடுங்கள். பிள்ளைகளுக்குச் செருப்பு கட்டாயம், கொல்லையில் நெருஞ்சி முள் அதிகம்.